உப்பு போட்டேன், உப்பியது: நான்கு நாள் கியூசிஎம்-டி வாடகை அனுபவம்

கருவிக்கு ஐந்துக்கு நாலரை. அதை இயக்குகிற மனிதருக்கு ஐந்துக்கு ஐந்து. அந்தக் கருவி மையம் வெளியாட்களுக்குச் சேவை தருகிற லட்சணத்துக்கு இரண்டரை, அதுவும் கேன்டீன் டீ நன்றாக இருந்ததால். எந்த மையம் என்று பெயர் போடப் போவதில்லை, கேட்காதீர்கள். ஆய்வேடு இன்னும் முடியவில்லை, திரும்பவும் அங்கேதான் போயாக வேண்டும். ஆனால் பாலிமர் பிரஷ் வைத்து வேலை செய்கிறவர்கள், அதிலும் பிஎச்சும் உப்பும் மாறும்போது அது என்ன செய்கிறது என்று பார்க்க நினைக்கிறவர்கள், கியூசிஎம்-டி (பரப்பில் ஒட்டுவதை நானோகிராம் கணக்கில் எடைபோடும்) கருவியை வாடகைக்கு எடுக்கும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இதை எனக்கு யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் நான்கு நாளில் ஒன்றரை நாள் மிச்சமாகியிருக்கும்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. பாலிமர் சங்கிலிகளை ஒரு பரப்பின் மேல் ஒரு நுனியில் மட்டும் கட்டி, நெருக்கமாக வளர்த்துவிட்டால் அதுதான் பிரஷ். தனியாக நிற்கிற சங்கிலி சுருண்டு கிடக்கும், நெருக்கி நட்டால் சுருள இடமில்லாமல் நாற்றங்கால் பயிர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அலெக்சாண்டர் 1977இலும் டி ஜென் 1980இலும் இதற்கான கணக்கை எழுதி வைத்துவிட்டார்கள். நான் வளர்ப்பது பாலிஅக்ரிலிக் அமிலம், கண்ணிக்கு ஒரு கார்பாக்சில் குழு. அமிலக் கரைசலில் அந்தக் குழு புரோட்டானைக் கையில் பிடித்துக்கொண்டு மின்னேற்றம் இல்லாமல் இருக்கும், சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சப்பையாகப் படுத்திருக்கும். பிஎச் ஏற ஏறப் புரோட்டானை விட்டுவிடும், எதிர்மின்னேற்றம் வரும், அதைச் சரிக்கட்டச் சோடியம் அயனிகள் உள்ளே வந்து அடையும், அந்தக் கூட்டத்தோடு தண்ணீரும் உள்ளே ஏறும், பிரஷ் ஊதும்.

எனக்கு இது எதற்கு என்றால் சிறுநீர் வடிகுழாய்க்கு. நாள்கணக்கில் குழாய் போட்டிருக்கும் நோயாளிகளிடம் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா வந்து சேர்ந்தால், அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கிச் சிறுநீரின் பிஎச்சை ஏற்றிவிடும், கால்சியம் பாஸ்பேட்டும் ஸ்ட்ரூவைட் என்ற இன்னொரு பாஸ்பேட் உப்பும் படிகமாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். அந்தப் பிஎச் ஏற்றத்தையே விசையாக வைத்து, பூச்சு அந்த நேரத்தில் உப்பி மருந்தை விட்டால் எப்படி இருக்கும் என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. கேட்க அழகாக இருக்கிறது. சிறுநீர் முழுக்க உப்பு என்பதை மட்டும் முதல் வருடம் நான் சரியாக யோசிக்கவில்லை.

சரி, கருவி. கியூசிஎம் (குவார்ட்ஸ் கிரிஸ்டல் மைக்ரோபேலன்ஸ்) என்பது ஒரு தராசு, நானோகிராம் எடைபோடுகிற தராசு. பதினான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள குவார்ட்ஸ் தகடு, இரண்டு பக்கமும் மின்வாய், மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு ஐம்பது லட்சம் தடவை அதிரும். மேலே ஏதாவது ஒட்டினால் அதிர்வெண் குறையும். எவ்வளவு ஒட்டினால் எவ்வளவு குறையும் என்ற சமன்பாட்டை சாவர்பிரே 1959இலேயே கொடுத்துவிட்டார்: இந்த 5 மெகாஹெர்ட்ஸ் தகட்டில் ஒரு ஹெர்ட்ஸ் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம். கடைசியில் ஒட்டியிருக்கிற அந்த 'டி' தான் நமக்கு முக்கியம், டிசிப்பேஷன், அதாவது அதிர்வின் ஆற்றல் வீணாகும் அளவு. ஓட்டுகிற மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டு, அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்ப்பது. சீக்கிரம் அடங்கினால் மேலே இருப்பது கொழகொழவென்று மென்மையானது, நெடுநேரம் அதிர்ந்தால் கெட்டியானது. கோயில் மணியைத் தட்டிவிட்டு அதன்மேல் ஈரத்துணி போட்டால் என்ன ஆகும், அதேதான். சுவீடனில் கோதன்பர்க் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோடால், காசெமோ குழுவினர் 1990களில் இதைக் கருவியாக்கினார்கள்.

பிரஷ் ஆட்களுக்கு இந்தக் கருவி ஏன் பிடிக்கும் என்றால், இது பாலிமரோடு சேர்த்துப் பாலிமர் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரையும் எடைபோடும். உப்பினால் தண்ணீர் கூடும், எடை கூடும், அதிர்வெண் இறங்கும், டிசிப்பேஷன் ஏறும். சுருங்கினால் எல்லாம் தலைகீழ். திரையில் நேரடியாகப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். கரைசலை மாற்றி, கோடு சரிகிறதைப் பார்க்கிற அந்த முதல் நிமிடம் இருக்கிறதே, மூன்று வருட லேப் வாழ்க்கையில் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு எதுவும் இல்லை.

பதிவு செய்வது சுலபம். இணையத்தில் படிவம், கைடின் கையெழுத்து, முன்பணம், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. கட்டணம் நாள்கணக்கு. சாம்பிள் கணக்கில் வசூலிக்கும் இடங்களும் உண்டாம், பிரஷ் வேலைக்கு அதைத் தவிருங்கள், ஏன் என்று கீழே புரியும். கருவியில் நான்கு அறைகள், ஒரே நேரத்தில் நான்கு சென்சார் போடலாம் என்று இணையதளத்தில் எழுதியிருக்கிறது, போய்ப் பார்த்தால் இரண்டுதான் வேலை செய்கிறது. "மத்த ரெண்டும் சர்வீஸ்ல இருக்கு" என்றார்கள். எத்தனை நாளாக என்று கேட்டேன், பதில் வரவில்லை. கட்டணம் மட்டும் நான்கு அறைக்கானது.

போனதும் முதல் ஆபத்து வாசலிலேயே காத்திருந்தது. அவர்கள் விதிப்படி உள்ளே போகும் ஒவ்வொரு சென்சாரையும் பத்து நிமிடம் யூவி-ஓசோனில் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். வெறும் தங்கமோ சிலிக்காவோ என்றால் நல்ல பழக்கம்தான். என் சென்சார்மேல் இருப்பதே கரிமப் பொருள், ஓசோனில் வைத்தால் நான் இரண்டு மாதம் வளர்த்த பயிரைப் பத்து நிமிடத்தில் மேய்ந்துவிடும். உதவியாளர் பையன் கையில் இடுக்கியோடு நிற்கிறான், நான் ஓடிப்போய்த் தடுத்தேன். படிவத்தில் 'பரப்பில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறதா' என்று ஒரு கேள்வி சேர்க்கக் கூடாதா? ஒரு வரிதானே.

வளர்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். சிலிக்கா பூசிய சென்சார்மேல் அமினோ சிலேன், அதன்மேல் புரோமின் உள்ள தொடக்கி, அங்கிருந்து ஏடிஆர்பி (சங்கிலியைக் கட்டுப்பாட்டோடு கண்ணி கண்ணியாக வளர்க்கும்) முறையில் டெர்ட்-பியூட்டைல் அக்ரிலேட்டை வளர்த்து, கடைசியில் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலத்தால் பியூட்டைல் குழுக்களை வெட்டி எடுத்தால் பாலிஅக்ரிலிக் அமிலம். உலர்ந்த நிலையில், ஒளியை வைத்துத் தடிமன் அளக்கும் எலிப்சோமீட்டர் காட்டிய தடிமன் 20 நானோமீட்டர். இங்கேயே நான் செய்த பெரிய தப்பு: பிரஷ் வளர்க்கும் முன் அந்தச் சென்சார்களின் வெற்று அதிர்வெண்ணை எடுத்து வைக்கவில்லை. எடுத்திருந்தால் மொத்த ஈர எடை தெரிந்திருக்கும். இல்லாததால் இந்த நிலைக்கும் அந்த நிலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கையில் மிஞ்சியது. இதற்கு மையத்தைக் குறை சொல்ல முடியாது, முழுக்க என் தலையில்.

முதல் நாள் தண்ணீரோடு போனது. உண்மையிலேயே தண்ணீரோடு. அடிப்படைக் கோடு நேராக வரவேண்டும், வரவில்லை, மெதுவாக நகர்ந்துகொண்டே போகிறது. அறை வெப்பநிலையா என்றால் கருவி உள்ளே 25 டிகிரியில் கட்டிப்போட்டிருக்கிறது. அது கட்டிப்போடவும் வேண்டும், தண்ணீரின் பாகுநிலை ஒரு டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் மாறும், அதுவே அதிர்வெண்ணில் தெரியும். கருவியில்தான் கோளாறு என்று நான் முடிவு கட்டி, ஆபரேட்டர் சாரிடம் போய்க் கொஞ்சம் குரலை உயர்த்தியே பேசினேன். ஓய்வுபெற இன்னும் சில வருடம் இருக்கும் மனிதர். எழுந்து வந்தார், கோட்டைப் பார்த்தார், என் பாட்டிலைப் பார்த்தார். "ஏம்மா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. உன் தண்ணியப் பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. அயனி நீக்கிய தண்ணீரைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் கரியமில வாயு கரைந்து பிஎச் 5.6 பக்கம் வந்து நிற்கும். பாட்டிலைத் திறந்தது காலை ஒன்பது மணி, கோடு நகர ஆரம்பித்தது ஒன்பதரை. நான் 'நடுநிலைத் தண்ணீர்' என்று நினைத்துக்கொண்டு ஓட்டியது ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்த மிக நீர்த்த கார்பானிக் அமிலம், பிஎச்சை மாறாமல் பிடித்துவைக்கும் பஃபரும் இல்லை, உப்பும் இல்லை, பிரஷ் தன் இஷ்டத்துக்கு அலைந்திருக்கிறது. வெறும் தங்கத்துக்கு அந்தத் தண்ணீர் போதும். புரத ஆட்கள் வந்து பிபிஎஸ் பஃபரை ஊற்றிக்கொண்டு ஓட்டுவார்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நம் ஆட்களுக்குத்தான் தண்ணீரும் ஒரு வேதிப்பொருள்.

அப்புறம் நைட்ரஜன் குமிழ் விட்டுக் கரியமில வாயுவை விரட்டலாம் என்று பார்த்தேன். விரட்டியது. கூடவே ஏசி அறையின் குளிரில் கரைசல் முழுக்க நைட்ரஜன் கரைந்து, கருவியின் 25 டிகிரி அறைக்குள் நுழைந்ததும் குமிழாக வெளியே வந்தது. சென்சார்மேல் ஒரு குமிழ் உட்கார்ந்தால் அதிர்வெண் பேயாட்டம் ஆடும். அன்று மாலை நாலரை மணிக்குத்தான் வழி பிடிபட்டது: நைட்ரஜன் விட்டு, பிறகு கொஞ்சம் சூடாக்கி, வெற்றிடத்தில் வாயுவை எடுத்து, மூடிய பாட்டிலிலிருந்து ஓட்டுவது. மையத்தில் இப்படி வாயு நீக்கும் டெகாசர் இருக்கிறது, வேலையும் செய்கிறது, ஆனால் வேறு கருவிக்குக் கொடுத்திருந்தார்கள், கேட்டால் கொடுப்பார்கள். கேளுங்கள்.

இரண்டாம் நாள் பிஎச். ஆயத்தமாகப் போனேன்: எல்லாக் கரைசலிலும் 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு பின்னணி, அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டி பிஎச் 3 முதல் 9 வரை. பின்னணி உப்பு ஏன் என்றால், பிஎச் 3க்குக் கொண்டுபோக நீங்கள் விடும் அமிலமே 1 மில்லிமோலார் அயனி. உப்பே இல்லாமல் பிஎச்சை மட்டும் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் இரண்டையும் சேர்த்து மாற்றுகிறார்கள் என்று அர்த்தம். இன்னொன்று, பிஎச் மின்முனையை நேரடியாக ஓட்டப்போகும் பாட்டிலில் விடாதீர்கள். அதற்குள் இருக்கும் அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு கசியும். கொஞ்சம் தனியே ஊற்றி அளந்துவிட்டு அதைக் கொட்டிவிடுங்கள்.

பிஎச் 4இல் சப்பை, 5இல் லேசான அசைவு, 6இல் அதிர்வெண் நன்றாக இறங்கத் தொடங்கி 7.5 வரைக்கும் இறங்கிக்கொண்டே இருந்தது. தனி அக்ரிலிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது பாதிக் குழுக்கள் புரோட்டானை விட்டிருக்கும் பிஎச், 4.25. நான் பத்தாம் வகுப்புத்தனமாக 4.25இல் பாதி, 6இல் முழுவதும் என்று எதிர்பார்த்திருந்தேன். பிரஷ்ஷில் அப்படி நடக்காது, பக்கத்தில் நிற்பவன் ஏற்கெனவே எதிர்மின்னேற்றத்தோடு நிற்கும்போது நானும் புரோட்டானை விட்டால் விரட்டல் கூடும், ஆகவே விடமாட்டேன் என்று ஒவ்வொன்றும் பிடித்துவைக்கும். மாற்றம் மேலே நகரும், படிபோல இல்லாமல் சரிவுபோல நீளும். வடிகுழாய்க்கு இது நல்ல செய்தி, நோய்த்தொற்றில் பிஎச் ஏறும் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

எரிச்சல் வேறு இடத்தில். பிஎச் 8இலிருந்து 5க்குக் கரைசலை மாற்றினால் கோடு நகரவே ஆளில்லை, ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம், ஆபரேட்டர் சார் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். பிரஷ் மெதுவாகச் சுருங்குகிறது, இது சங்கிலிகளின் இயக்கம், ஆய்விதழில் ஒரு பக்கம் எழுதலாம் என்று நான் கனவு காண, ராத்திரி விடுதியில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டால் வெட்கமாகிவிட்டது. 20 நானோமீட்டர் உலர்ந்த பிரஷ்ஷில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 36 நானோமோல் அமிலக் குழுக்கள் இருக்கின்றன. பிஎச் 5 கரைசல் நிமிடத்துக்கு 0.1 மில்லி என்ற வேகத்தில் ஓடினால் அது கொண்டுவரும் புரோட்டான் நிமிடத்துக்கு ஒரே ஒரு நானோமோல். வந்ததெல்லாம் பிடிபட்டால்கூட அரை மணிக்கு மேல் ஆகும். பிரஷ் சோம்பேறி இல்லை, நான்தான் பட்டினி போட்டிருக்கிறேன். பம்ப் வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் வரும், பஃபர் போட்டால் இன்னும் சீக்கிரம், ஆனால் பஃபர் அயனிகள் உப்பாகவும் கணக்கில் சேரும். சாம்பிள் கணக்கில் காசு வாங்கும் இடத்தில், அரை மணிக்கு ஒரு புள்ளி என்று அவசரப்படுத்துகிற இடத்தில், இந்த வேலை செய்யாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஏறும்போது ஒரு வளைவு, இறங்கும்போது வேறு வளைவு என்று ஆய்விதழ்களில் வருவதில் உண்மையான தயக்கம் எவ்வளவு, இப்படிப் பட்டினி போட்டது எவ்வளவு என்று இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள் உப்பு, காசு செரித்த நாள். வழக்கமாக எல்லோரும் சொல்வது என்ன? உப்பு மின்னேற்றங்களுக்கு நடுவே திரை போடும், 1 மில்லிமோலாரில் ஒரு மின்னேற்றத்தின் செல்வாக்கு சுமார் 9.6 நானோமீட்டர் வரை எட்டும், 0.15 மோலாரில் 0.8 நானோமீட்டர்கூட எட்டாது, விரட்டல் போய்விடும், பிரஷ் சுருங்கும். கைடும் அதைத்தான் சொல்லி அனுப்பினார். நான் பிஎச் 6இல் 0.1 மில்லிமோலாரில் ஆரம்பித்தேன். 1 மில்லிமோலார் விட்டேன், சுருங்கவில்லை, அதிர்வெண் இறங்கியது, டிசிப்பேஷன் ஏறியது. அதாவது உப்பு போட்டால் உப்புகிறது. பாட்டில்களை மாற்றி வைத்துவிட்டேனோ என்று லேபிளைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. 10 மில்லிமோலார், இன்னும் உப்பியது. நூறைத் தாண்டிய பிறகுதான் திரும்பி வர ஆரம்பித்தது. உச்சம் எங்கோ சில பத்து மில்லிமோலார் பக்கம். தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் சிரிக்க முடிகிற ஒரு நகைச்சுவையை ஒரு பாலிமர் செய்து காட்டுகிறது, பக்கத்தில் பகிர்ந்துகொள்ள ஆபரேட்டர் சார் மட்டும்தான். அவர் சிரித்தார், அதற்காகவும் ஐந்துக்கு ஐந்து.

ஏன் இப்படி என்றால், பீக்கரில் இருக்கும் பிஎச்சும் பிரஷ்ஷுக்குள் இருக்கும் பிஎச்சும் ஒன்று கிடையாது. எதிர்மின்னேற்றம் நெருக்கமாக நிற்கும் இடத்தில் நேர்மின் அயனிகள் வந்து சேர்ந்தே ஆகவேண்டும். வெளியே உப்பு அருகிப் போயிருந்தால் அந்த வேலைக்குப் புரோட்டானே அதிகம் வரும், உள்ளே அமிலத்தன்மை கூடிவிடும், கார்பாக்சில் குழுக்கள் விட்ட புரோட்டானைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் உப்பு சேர்த்தால் அந்த இடத்தைச் சோடியம் எடுத்துக்கொள்கிறது, புரோட்டான் வெளியே போகிறது, குழுக்கள் மின்னேற்றம் பெறுகின்றன, பிரஷ் ஊதுகிறது. இன்னும் கொட்டினால் வெளியே உள்ள உப்பு உள்ளே உள்ளதற்குச் சமமாக வந்துவிடும், தண்ணீரை உள்ளே இழுக்கும் சவ்வூடு அழுத்தம் குறையும், அப்போதுதான் கைடு சொன்ன சுருக்கம். இஸ்ரேல்ஸ், லீர்மாக்கர்ஸ், ஃபிளீர் 1994இலும், ஜூலினா, பிர்ஷ்டைன், போரிசோவ் 1995இலும் இதைத் தாளில் போட்டுக் காட்டிவிட்டார்கள்: முதலில் உப்புச் செறிவின் கனமூல விகிதத்தில் ஏறும், பிறகு அதே கனமூல விகிதத்தில் இறங்கும். பாலிஸ்டைரீன் சல்போனேட் மாதிரி எப்போதும் மின்னேற்றத்தோடே இருக்கும் பிரஷ்ஷில் இந்த முதல் பாதி வராது, அது பிஎச்சைக் கண்டுகொள்வதே இல்லை. வலு குறைந்த அமிலத்துக்கு மட்டும் உள்ள குணம் இது. ஆய்விதழில் இரண்டு தடவை படித்திருந்தேன், கண்ணில் பார்த்தபோதுதான் ஏறியது.

இந்தச் சந்தோஷத்தில் பாதியை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. 1 மோலார் உப்புக் கரைசல் தண்ணீரைவிடக் கனமானது, பாகுநிலையும் கூட. மேலே ஒன்றுமே இல்லாத வெறும் சென்சாரில் தண்ணீரை எடுத்துவிட்டு அதை ஊற்றினாலே மூன்றாம் மேற்சுரத்தில் (அடிப்படை அதிர்வெண்ணின் மூன்று மடங்கில்) இருபது ஹெர்ட்ஸுக்கு மேல் இறங்கிவிடும். பிரஷ் ஒன்றும் செய்யாமலேயே உப்பிய மாதிரி தெரியும், சுருங்கியிருந்தால் அந்தச் சுருக்கத்தை அது மறைக்கும். நூறு மில்லிமோலாருக்குக் கீழே இது ஓரிரு ஹெர்ட்ஸ்தான், என் உச்சம் அங்கேதான் இருந்ததால் பிழைத்தேன். மேலே உள்ள புள்ளிகளுக்கு வெறும் சென்சாரில் அதே கரைசல் வரிசையை ஓட்டிக் கழிக்க வேண்டும். இருக்கிற இரண்டு அறையிலும் நான் பேராசையாகப் பிரஷ் சென்சாரையே போட்டிருந்தேன், ஆகவே நாலாம் நாள் காலை முழுவதும் வெறும் சிலிக்காவுக்கு உப்புத்தண்ணீர் ஊட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு அறை பிரஷ்ஷுக்கு, ஒரு அறை வெற்றுக்கு என்று மையம் முதல் நாளே சொல்லலாம். நூறு பேர் வந்து போகிற இடம், இந்தத் தப்பை நான் மட்டுமா செய்திருப்பேன்?

நாலாம் நாளின் இன்னொரு சோகம் பிரஷ்ஷே. மூன்றாம் நாள் ராத்திரி கிளம்பும்போது ஒரு சென்சாரை பிஎச் 9.5 கரைசலில் அப்படியே விட்டுவிட்டுப் போனேன், நன்றாக உப்பி இருக்கட்டும், காலையில் தொடரலாம் என்று. காலையில் பிஎச் 4க்குக் கொண்டுவந்தால் நேற்றைய இடத்துக்கு வரவில்லை, எடை குறைந்திருக்கிறது. ஊருக்கு வந்து எலிப்சோமீட்டரில் வைத்தால் 20 இருந்தது 13. சங்கிலிகள் கழன்று போயிருக்கின்றன. உப்பி நிற்கும் சங்கிலி ஒவ்வொன்றும் தன் அடிக்காலை இழுத்துக்கொண்டு நிற்கிறது, அந்த அடிக்கால் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு, காரத்தில் நீரால் அறுபடக்கூடியது, இழுவிசை இருந்தால் இன்னும் சுலபம். வடிகுழாயில் பிஎச் ஏறும்போதுதான் இது வேலை செய்ய வேண்டும், அதே பிஎச்சில்தான் இது கழன்று போகிறது. கைடிடம் இதை இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை.

மிச்சமிருந்த மதியத்தில் கால்சியம். வெறும் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, பிஎச் 7. நன்றாக உப்பியிருந்த பிரஷ் சில நிமிடத்தில் சப்பையானது, டிசிப்பேஷன் கீழே விழுந்தது. அதே அளவு சோடியம் இதில் கால்வாசிகூடச் செய்யவில்லை. கால்சியம் இரண்டு கார்பாக்சிலைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. தண்ணீரில் அலசினேன், திரும்பவில்லை. 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் அலசினேன், கொஞ்சம் திரும்பியது. கால்சியத்தைக் கவ்வி எடுக்கும் ஈடிடிஏ விட்ட பிறகுதான் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்தது. சிறுநீரில் கால்சியம் இல்லாமலா இருக்கும்? ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயத்தின் தலையெழுத்தை அந்த இருபது நிமிடம் மாற்றிவிட்டது. கால்சியம் உள்ள போர் தண்ணீரில் கண்ணாடிப் பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசியாக ஒரு தடவை மட்டும் நல்ல தண்ணீர் விடுகிற பழக்கம் உள்ள லேப்காரர்களும் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

இப்போது அந்த இரண்டரைக்குக் காரணம். இரண்டு அறை, ஓசோன், இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அறிக்கை. நான்கு நாள் முடிந்ததும் முத்திரை குத்தி ஒரு பிடிஎஃப் தருகிறார்கள், அதில் ஒவ்வொரு நிலைக்கும் 'படலத் தடிமன்' என்று ஒரு எண், மென்பொருள் தானாகவே சாவர்பிரே சமன்பாட்டில் போட்டது. சாவர்பிரே சமன்பாடு கெட்டியான, மெல்லிய, படிகத்தோடு சேர்ந்தே அதிரும் படலத்துக்கு. உப்பிய பிரஷ் பாதி ஜெல்லி. மூன்று, ஐந்து, ஏழு என்று மேற்சுரங்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விசிறி மாதிரி விரிந்து கிடக்கின்றன, டிசிப்பேஷன் உச்சத்தில் இருக்கிறது, இதைப் பார்த்த பிறகும் சாவர்பிரே போட்டால் எடை குறைவாகத்தான் வரும். பிஎச் 4இல் சப்பையாக இருக்கும்போது அந்த எண்ணை ஓரளவு நம்பலாம், 8இல் நம்பக் கூடாது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு முத்திரை குத்தினால், அவசரத்தில் இருக்கும் ஒரு ஸ்காலர் அதை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டுவாரா மாட்டாரா? மூலத் தரவு கேட்டதற்கு முதலில் கருவியின் சொந்தக் கோப்பு வடிவத்தில் கொடுத்தார்கள், நம் கணினியில் திறக்காது. ஆபரேட்டர் சார்தான் பென்டிரைவில் எல்லா மேற்சுரமும் சேர்த்து சாதாரண அட்டவணைக் கோப்பாக ஏற்றிக் கொடுத்தார். அதை வைத்து, படலத்தைப் பாதி திரவம் பாதி ரப்பர் என்று எடுத்துக்கொள்ளும் பாகுமீள் மாதிரியில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மெதுவாகத்தான் போகிறது.

இதோடு சேர்த்து ஒன்று. பிரஷ் எவ்வளவு உப்பியது என்ற கேள்விக்கு இந்தக் கருவி மட்டும் போதாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சில வால்களும் அவை இழுத்துவைத்திருக்கும் தண்ணீரும் இதில் கனமாகத் தெரியும், எலிப்சோமீட்டருக்கோ பாலிமர் அடர்ந்திருக்கும் பகுதிதான் கண்ணில் படும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் வான்லெஸ், வெபர் குழு இரண்டையும் ஒரே பிரஷ்ஷில் பயன்படுத்துவதைப் பார்த்தால் புரியும். அந்த மையத்திலேயே அடுத்த கட்டடத்தில் திரவ அறையோடு எலிப்சோமீட்டர் இருக்கிறதாம். நான்கு நாளும் ஒருவரும் சொல்லவில்லை, கடைசி நாள் கேன்டீனில் வேறொரு ஸ்காலர் சொல்லித்தான் தெரியும்.

மறுபடி போவேனா? அடுத்த மாதத்துக்கு இரண்டு நாள் போட்டாகிவிட்டது. இந்தத் தடவை சிலேனுக்குப் பதில் வேறு அடிக்கால், வெற்று அதிர்வெண் ஏற்கெனவே எடுத்து எழுதி வைத்த ஆறு சென்சார், பிஎச் 9க்கு மேல் போகப் போவதில்லை, ஒரு அறை வெற்றுக்கு. தண்ணீரை வீட்டிலிருந்து எடுத்துப் போக முடியாது, அங்கேதான் பிடிக்க வேண்டும், ஆனால் பாட்டிலும் மூடியும் என்னுடையது. ஆபரேட்டர் சாருக்கு எங்கள் ஊர் முறுக்கு ஒரு பாக்கெட், பதிவு செய்யும்போதே அவர் லீவில் இல்லை என்று போனில் கேட்டுக்கொண்டேன்.